சலுகை என்னும் பொய்ச்சொல்

கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்பவர் அங்கே மிகுதியான நேரத்தைச் செலவிடுவது வரிசையில் நிற்பதில்தான். கலிபோர்னியா மாநிலத்தின் அனஹைம் நகரில் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தும், புளோரிடா மாநிலத்தில் 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டும் இதற்குச் சான்று. சில நிமிடங்களில் முடிந்துவிடும் சவாரிக்காக மக்கள் ஒரு மணி நேரம், சில நாள்களில் அதற்கும் மேல், வளைந்து வளைந்து செல்லும் கம்பித் தடுப்புகளுக்கிடையே நகர்கிறார்கள். அமெரிக்காவுக்குப் பிழைக்கச் சென்ற பிள்ளைகள் தம் குழந்தைகளோடு அங்கே போய்வந்த கதையைக் கேட்டிருக்கும் பெற்றோர் நம் வாசகரிடையே பலர் இருப்பர். அவர்கள் அனுப்பும் நிழற்படங்களில் கோட்டை இருக்கும், வாணவேடிக்கை இருக்கும்; வரிசை இராது.

அந்த வரிசையைப் பற்றியதே இக்கட்டுரை. வரிசையில் நிற்க இயலாத உடலும் மனமும் வாய்த்தவர்க்கு அங்கே என்ன இடம் என்னும் வழக்கு, பல ஆண்டுகளாக அந்நாட்டின் நீதிமன்றங்களில் நடந்துவருகிறது. உலகில் பசியும் போரும் இருக்கும்போது ராட்டினம் ஏறுவது ஒரு சிக்கலா, அதற்கொரு கட்டுரையா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். அவ்வாறு சுளிப்பவர் பெரும்பாலும் தாம் விரும்பிய இடத்துக்குத் தம் காலாலேயே நடந்து போகக்கூடியவராக இருப்பார். மருத்துவமனையில் சாய்தளம் அமைப்பது இரக்கத்தாலும் நடக்கக்கூடும். விளையாடும் இடத்தில் ஒருவருக்கு வழி செய்வதோ, அவரும் நம்மோடு இருந்து சிரிக்க வேண்டியவர் என்று நாம் நினைத்தால் மட்டுமே நடக்கும். ஆகவே ஒரு சமுதாயம் மாற்றுத்திறனாளியை எவ்வாறு மதிக்கிறது என்பதை அறிய விரும்புகிறவர், மருத்துவமனையை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாமல் பூங்காவின் வாயிலிலும் சற்று நின்று பார்ப்பது நல்லது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றித் தகராறு செய்தாக வேண்டும். உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ளவர்க்குச் செய்யப்படும் எதையும் நாம் தமிழில் சலுகை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பேருந்துச் சலுகை, தேர்வுச் சலுகை, கட்டணச் சலுகை. சலுகை என்பது கொடுப்பவரின் மனம் இளகியதால் கிடைப்பது. மனம் இறுகினால் திரும்பிப் போவது. பெறுபவர் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்; பெறாதவரோ முணுமுணுக்க உரிமை பெற்றவர். அமெரிக்கச் சட்டம் பேசுவது இதையன்று. அந்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990 ஜூலை 26 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் கையொப்பத்தால் சட்டமாயிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன், மார்ச் 12 அன்று, சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் கையாலும் முழங்காலாலும் ஊர்ந்தே ஏறினார்கள் பல மாற்றுத்திறனாளிகள். ஊர்ந்து ஏறியவர்களுள் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. அவர்கள் கேட்டது சலுகையாக இருந்திருந்தால் கீழேயே நின்று கை நீட்டியிருப்பார்கள்.

அச்சட்டம் தனியார் நடத்தும் பொது இடங்களையும் கட்டுப்படுத்துகிறது: உணவகம், திரையரங்கு, கடை, கேளிக்கைப் பூங்கா எல்லாமே அதற்குள் அடக்கம். தம் வழக்கமான விதிகளால் மாற்றுத்திறனாளி ஒருவர் வெளியே தள்ளப்படுவாராயின், அவ்விதியை அவருக்காக நியாயமான அளவில் மாற்றிக்கொள்ள வேண்டும். அம்மாற்றம் அவ்விடத்தின் அடிப்படைத் தன்மையையே குலைத்துவிடும் என்று நிறுவினால் மட்டுமே மறுக்கலாம். அம்மாற்றத்துக்காக மாற்றுத்திறனாளியிடம் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது. சலுகைக்கு இத்தகைய இலக்கணம் கிடையாது. ஈடு என்ற சொல்லே இதற்குப் பொருந்தும். ஒரு விதி ஒருவர் மேல் மட்டும் அதிகமாகச் சுமத்தும் பாரத்தை ஈடுசெய்வது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 2013 வரை டிஸ்னி பூங்காக்களில் விருந்தினர் உதவி அட்டை என்றொன்று இருந்தது. வரிசையில் நிற்க இயலாதவர் அலுவலகத்தில் சொன்னால் அட்டை தருவார்கள். மருத்துவர் சான்று கேட்பதில்லை. அட்டையைக் காட்டினால், பல சவாரிகளில் மாற்று வாயில் வழியே அதிகம் காத்திராமல் ஏறிவிடலாம். அது தாராளமான ஏற்பாடு. தாராளம் இருக்கும் இடத்தில் தந்திரமும் வந்து சேர்ந்தது. நல்ல கால் உள்ளவர் சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்தார். 2013 மே மாதத்தில் நியூயார்க் நாளிதழ் ஒன்று வெளியிட்ட செய்தி அந்நாட்டையே கூசச் செய்தது: மன்ஹாட்டன் பகுதியின் செல்வக் குடும்பங்கள் சில, மாற்றுத்திறனாளி ஒருவரை மணிக்கு 130 டாலர், எட்டு மணி நேர நாளுக்கு 1,040 டாலர் என்று வாடகைக்கு அமர்த்தி, அவர் தம் உறவினர்போல உடன்வர, தம் பிள்ளைகளை வரிசையின்றி ஏற்றினவாம்.

அவ்வாண்டு அக்டோபரில் பழைய அட்டை ஒழிக்கப்பட்டு, மாற்றுத்திறனாளி அணுகல் சேவை என்னும் புதிய முறை வந்தது. இதன்படி எவரும் உடனே ஏறிவிட முடியாது. வரிசை ஒரு மணி நேரமாக இருந்தால், ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து வரும்படி ஒரு நேரம் குறித்துத் தருவார்கள். அந்த ஒரு மணி நேரத்தை அவர் கம்பித் தடுப்புக்குள் கழிக்க வேண்டியதில்லை. நிழலில், கழிவறைக்கு அருகில், அமைதியான மூலையில் கழிக்கலாம். ஒரு சவாரிக்கு நேரம் பெற்றால் அது முடியும்வரை இன்னொன்றுக்குப் பெற முடியாது. காத்திருப்பு நீங்கவில்லை, காத்திருக்கும் இடம் மாறியது, அவ்வளவே. எனது எண்ணத்தில் இம்முறை பெருமளவு நியாயமானது. பழைய அட்டையை இழந்தோமே என்று வருந்திய குடும்பங்களின் துயரத்தை உணர்ந்தே இதைச் சொல்கிறேன்.

அத்துயரமும் சிறியதன்று. ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞரின் தாயும், வேறு பல குடும்பங்களும் 2014-இல் வழக்குத் தொடுத்தார்கள். அவ்விளைஞர் பூங்காவில் ஒரு குறிப்பிட்ட வழியிலேயே, ஒரு குறிப்பிட்ட ஒழுங்கிலேயே செல்வார். அடுத்த இடத்தில் நிறுத்தி, பிறகு வா என்றால் அவர் மனம் உடைந்துபோகும். அவருக்கு, பிறகு என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. கீழ்நீதிமன்றம் முதலில் விசாரணையின்றியே தள்ளியதை 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றி, விசாரிக்கச் சொன்னது. விசாரணைக்குப் பின் 2020-இல் தீர்ப்பு நிறுவனத்துக்கே சாதகமாயிற்று; 2022-இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாயிற்று. வரம்பின்றி உடனுக்குடன் ஏறும் உரிமை தந்தால் பூங்காவின் தன்மையே மாறிவிடும், மற்றவர் காத்திருப்பு நீளும், பொய் சொல்லத் தூண்டுதல் திரும்பிவரும் என்பது நீதிமன்றம் ஏற்ற வாதம். அவ்விளைஞரைப் பொறுத்தவரை எனக்கு இத்தீர்ப்பில் முழு நிறைவில்லை. ஆயினும் இதில் ஒரு வாதம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2024-இல் நடந்ததற்கு அப்படிப்பட்ட வாதம் எதுவும் இல்லை. அவ்வாண்டு மே 20 முதல் புளோரிடாவிலும், ஜூன் 18 முதல் கலிபோர்னியாவிலும் டிஸ்னி நிறுவனம் விதியைச் சுருக்கியது. ஆட்டிசமோ அதுபோன்ற வளர்ச்சிநிலைக் குறைபாடோ காரணமாக வழக்கமான வரிசையில் நெடுநேரம் நிற்க இயலாதவர்க்கு மட்டுமே இனி இச்சேவை என்று அறிவித்தது. விண்ணப்பிப்பவர் ஒளிப்பட உரையாடலில் தோன்றித் தம் இயலாமையை விவரிக்க வேண்டும்; தேவையானால் நிறுவனம் அமர்த்தியுள்ள மருத்துவப் பணியாளரும் கேள்வி கேட்பார். பொய் சொன்னதாகக் கண்டால் பூங்காவுக்குள் நிரந்தரமாக நுழைய முடியாது. சேவையைப் பயன்படுத்துவோர் ஐந்தாண்டுகளில் மும்மடங்குக்கு மேல் பெருகிவிட்டனர் என்பது நிறுவனம் சொன்ன காரணம்.

யார் யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். குடலழற்சி நோய் உள்ளவருக்குக் கழிவறைத் தேவை எச்சரிக்கையின்றி வரும். நிமிடக் கணக்கில் ஓடியாக வேண்டும். தண்டுவட மரப்பு நோயாளிக்கு உடல்வெப்பம் சற்று ஏறினாலே பார்வை மங்கும், கால் தளரும். புளோரிடாவின் கோடைவெயிலோ ஏறக்குறைய நம் கடற்கரை நகரங்களின் வெயில். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டிருப்பவர், வலிப்பு நோயுள்ளவர், போரிலிருந்து திரும்பி நெரிசலில் மூச்சுத்திணறும் முன்னாள் படைவீரர் எனப் பட்டியல் நீள்கிறது. இவர்களுக்கு இல்லை என்று சொல்லவில்லை, வேறு வழி சொல்கிறோம் என்கிறது நிறுவனம். என்ன வழி? நடக்க இயலாவிட்டால் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுங்கள். கழிவறைக்குப் போக வேண்டுமானால் வரிசையிலிருந்து வெளியேறி, பிறகு உங்கள் குடும்பத்தார் நிற்கும் இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளுங்கள்.

இவ்வழிகளைச் சொன்னவர் ஒருநாளேனும் அவ்வழியே நடந்து பார்த்தாரா என்பது ஐயம். தண்டுவட மரப்பு நோயாளியின் சிக்கல் வெப்பம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் வெப்பம் தணியுமா? எட்டு வயதுக் குழந்தைக்குக் குடல்நோய். உடன் வந்தவர் தாய் ஒருவரே. குழந்தையைத் தனியே கழிவறைக்கு அனுப்ப முடியாது. தாயும் போனால் வரிசையில் இடத்தைப் பிடித்து நிற்பவர் யார்? இருவர் வந்திருந்தாலும், திரும்பி வரும்போது நெருக்கியடித்து நிற்கும் நூறு பேரை விலக்கிக்கொண்டு முன்னே செல்ல வேண்டும். நூறு பேரும் முறைப்பார்கள். ஒவ்வொருவரிடமும் தன் நோயைச் சொல்லி வழிகேட்க வேண்டியது அக்குழந்தை. குறித்த நேரத்தில் வா என்று ஒரு சீட்டுக் கொடுத்தால் தீர்ந்துவிடும் காரியத்துக்கு இத்தனை அவமானம் எதற்கு?

வரிசை என்பது சமத்துவத்தின் வடிவம். முதலில் வந்தவர் முதலில், பின்னர் வந்தவர் பின்னர். அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒரே வரிசை. இதில் ஒருவருக்கு விலக்கு அளித்தால் மற்றவருக்கு அநீதி. இவ்வாறு வாதாடுவோர் இருக்கிறார்கள். கேட்பதற்கு மிக அழகான வாதம். இதை வேறு எந்த நிறுவனம் சொன்னாலும் நான் நின்று பதில் சொல்லுவேன். அப்பூங்காக்களின் சார்பில் யாரேனும் சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது. ஏனெனில் வரிசையை விலைக்கு விற்பது அவர்களேதான்.

2021 அக்டோபரில் டிஸ்னி வேர்ல்டில் விரைவு வாயிலுக்குக் கட்டணம் வந்தது. தலைக்கு நாளொன்றுக்கு 15 டாலர். டிசம்பரில் கலிபோர்னியாவில் 20 டாலர். மிகவும் விரும்பப்படும் சவாரிகளுக்குத் தனிவிலை. 2024 ஜூலையில் அதற்குப் பெயரை மாற்றினார்கள். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில், நினைத்த நேரத்தில் ஒவ்வொரு விரைவு வாயிலிலும் ஒருமுறை நுழைய உயர்வகைச் சீட்டு ஒன்றை அறிமுகம் செய்தார்கள்; கலிபோர்னியாவில் 400 டாலர், புளோரிடாவில் நாளையும் பூங்காவையும் பொறுத்து 129 முதல் 449 டாலர் வரை. இது ஒருவருக்கு, ஒருநாளைக்கு. பூங்காவின் நுழைவுக் கட்டணம் இதில் சேராது. யுனிவர்சல் பூங்காக்களும் இதேபோல விரைவுச்சீட்டு விற்கின்றன.

ஆக, குடல்நோய் உள்ள குழந்தை முன்னே சென்றால் வரிசையின் சமத்துவம் கெட்டுவிடும்; 449 டாலர் கொடுத்தவர் முன்னே சென்றால் கெடாது. வெயிலில் மயங்கும் நோயாளிக்கு ஒரு மணி நேரம் கழித்து வரும்படி சீட்டுத் தந்தால் பின்னால் நிற்பவர் காத்திருப்பு நீளும்; பணம் கொடுத்தவர் காத்திராமலே ஏறினால் நீளாது போலும்! அன்பு வாசகரே, இக்கணக்கைப் போட்டவரை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

இருசாராரும் நுழைவது ஒரே விரைவு வாயில் வழியாக என்பதையும் கவனிக்க வேண்டும். அவ்வாயிலில் மணிக்கு இத்தனை பேர் என்று ஓர் எல்லை உண்டு. அங்கே மாற்றுத்திறனாளி ஒருவர் கட்டணமின்றி நுழையும் ஒவ்வொரு இடமும், நிறுவனத்தின் கணக்கேட்டில் விற்காமல் போன ஓர் இடம். வாயிலை விற்கத் தொடங்கிய மூன்றாண்டுக்குள் விதி சுருங்கியது. இதைத் தற்செயல் என்று நம்ப விரும்புகிறவரை நான் தடுக்கவில்லை.

பொய்யர்களைப் பற்றி என்ன சொல்கிறீர் என்று கேட்பார்கள். பொய்யர் உண்டு. அவர்களைக் காட்டித்தான் எப்போதும் உண்மையானவரின் முகத்தில் கதவைச் சாத்துகிறார்கள். ஆயினும் பொய் ஏன் பெருகியது என்பதையும் கேட்க வேண்டுமல்லவா? 1999 முதல் டிஸ்னி பூங்காக்களில் எவரும் கட்டணமின்றி நேரச்சீட்டு வாங்கும் முறை இருந்தது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பூங்காக்கள் மூடப்பட்டன. மீண்டும் திறந்தபோது அந்த இலவசச் சீட்டு திரும்பவில்லை. அதன் இடத்தில் விலைச்சீட்டு வந்து உட்கார்ந்தது. முன்பு எல்லாருக்கும் இலவசமாகக் கிடைத்த ஒன்று, இப்போது இயலாமையைச் சொன்னவருக்கு மட்டுமே இலவசமாகக் கிடைக்கிறது. அப்படிப்பட்ட நிலையில் எண்ணிக்கை உயர்வதற்கு மனித இயல்பைப் பற்றிய ஆழ்ந்த ஆராய்ச்சி தேவையில்லை. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான டாலர் மிச்சமாகும் என்றால், பொய்க்கு விலை வைத்தவர் யார்? அதோடு, முன்பு இலவச நேரச்சீட்டைக் கொண்டே எவரிடமும் எதுவும் சொல்லாமல் சமாளித்துவந்த உண்மையான நோயாளிகளும் இப்போது அலுவலகக் கதவைத் தட்டும்படி ஆயிற்று. அவர்களையும் பொய்யர் கணக்கில் எழுதலாமா?

உயர்வுக்கு இன்னொரு நேர்மையான காரணமும் உண்டு. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கணக்குப்படி 2000-ஆம் ஆண்டில் எட்டு வயதுக் குழந்தைகளில் 150 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் அடையாளம் காணப்பட்டது. 2022-ஆம் ஆண்டுக்கான கணக்கில் 31 பேரில் ஒருவருக்கு. கண்டறியும் திறமையும் அளவுகோலும் விரிந்ததே இதற்குப் பெருங்காரணம். அடையாளம் தெரிந்த குழந்தைகள் பெருகும்போது கதவைத் தட்டும் கைகளும் பெருகும்.

ஆட்டிசம் உள்ள குழந்தை வரிசையில் அழுதால், வளர்ப்புச் சரியில்லை என்று தலையாட்டும் பெரியவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. வரிசை என்பது அக்குழந்தைக்கு என்ன என்பதை அவர்கள் சிந்திப்பதில்லை. நமக்குப் பின்னணி இரைச்சலாக ஒதுங்கிவிடும் ஒலிகள் அதற்கு ஒதுங்குவதில்லை. ஒலிபெருக்கி, அழும் மழலை, இரும்புத் தண்டவாளத்தின் அலறல் எல்லாம் ஒரே உரப்பில் காதுக்குள் விழுகின்றன. பின்னால் நிற்பவரின் பை முதுகில் உரசுவதே தாங்கவொண்ணாத தொல்லை. எவ்வளவு நேரம் என்ற முடிவு தெரியாத நிலை அச்சமாகிறது. காத்திருப்பின் உளவியலைப் பற்றி 1985-இல் டேவிட் மைஸ்டர் என்பார் எழுதிய கட்டுரை ஒன்று மேலாண்மைத் துறையில் பெயர்பெற்றது. முடிவு தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைக் காட்டிலும் நீளமாகத் தோன்றும் என்பது அதில் ஒரு கருத்து. இயல்பான மனத்துக்கே அப்படியென்றால் மற்ற மனத்துக்கு எப்படி? நமக்கு அறுபது நிமிடம் அறுபது நிமிடமே. அக்குழந்தைக்கும் அதே அறுபது நிமிடம்தான் என்று கடிகாரத்தைக் காட்டிச் சமத்துவம் பேசுவது, நொண்டியையும் ஓடுபவனையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஊதல் ஊதுவதற்கு ஒப்பாகும்.

இவ்விடத்தில் ஒரு விளையாட்டு வீரரின் வழக்கு நினைவுக்கு வருகிறது. கேசி மார்ட்டின் என்பவர் அமெரிக்க கோல்ஃப் வீரர். பிறவியிலேயே ஒரு காலில் இரத்த ஓட்டக் கோளாறு; நடந்தால் கடும் வலி, எலும்பு முறியும் ஆபத்தும் உண்டு. மைதானத்தில் சிறு வண்டியில் செல்ல அனுமதி கேட்டார். நடப்பதும் ஆட்டத்தின் பகுதி. களைப்பும் போட்டியின் பகுதி. ஒருவருக்கு வண்டி தந்தால் மற்றவருக்கு அநீதி என்றது போட்டியை நடத்திய அமைப்பு. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2001 மே 29 அன்று ஏழு நீதிபதிகள் அவர் பக்கமும் இருவர் எதிர்ப்பக்கமும் நின்றனர். ஆட்டத்தின் உயிர் பந்தை அடிப்பதில் இருக்கிறது, நடப்பதில் இல்லை என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். மார்ட்டின் வண்டியில் சென்றாலும், நடந்துசெல்லும் மற்றவர்களைவிட அதிகக் களைப்பையே அனுபவிக்கிறார் என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது.

கோல்ஃப் ஆட்டத்துக்கு நடப்பது உயிரன்று என்றால், கேளிக்கைப் பூங்காவுக்கு வரிசையில் நிற்பது உயிராகுமா? வரிசையில் நிற்கும் இன்பத்துக்காக எவரும் நுழைவுச்சீட்டு வாங்குவதில்லை. அது உயிராக இருந்திருந்தால் அதை 449 டாலருக்கு நீக்கித் தருவதாக நிறுவனமே விளம்பரம் செய்யாது. வரம்பின்றி உடனே ஏறுவது பூங்காவின் தன்மையைக் குலைக்கும் என்று 2020-இல் நீதிமன்றம் சொன்னது, சரி. நேரம் குறித்துத் தந்து, வேறிடத்தில் காத்திருக்கச் செய்யும் முறையோ பத்தாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்தது, பூங்கா குலையவில்லை. அதே முறையைக் குடல்நோயாளிக்கு மறுத்து ஆட்டிசக் குழந்தைக்குத் தருவதற்கு, இயலாமையின் பெயரைத் தவிர வேறென்ன வேறுபாடு? கேட்க வேண்டிய கேள்வி வரிசையில் நிற்க முடியுமா என்பது. கேட்கப்படுவது உன் நோய்க்கு என்ன பெயர் என்பது. 2025 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் தொடுக்கப்பட்ட வழக்கொன்று, ஏறத்தாழ இந்தக் கேள்வியையே தன்னைப்போல் மறுக்கப்பட்ட பிறர் சார்பிலும் எழுப்பியிருக்கிறது.

யோவான் நற்செய்தியில் வரும் பெத்சதா குளத்தை நம் வாசகர் அறிவர். அதுவும் ஒரு வரிசைதான். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குபவருக்குப் பயன். 38 ஆண்டுகளாக உடல்நலமற்றிருந்தவருக்கு இறக்கிவிட ஆளில்லை. அவர் நகர்வதற்குள் வேறொருவர் முந்திவிடுவார். முந்தியவர்கள் எவரும் விதியை மீறவில்லை.

மாறுபட்டு நடக்க முடியாதா என்றால், நடந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஹென்றி லாண்ட்விர்த் என்பவர் நாஜிகளின் வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பி அமெரிக்காவுக்கு வந்து, புளோரிடாவில் விடுதித் தொழிலில் செழித்தவர். இரத்தப் புற்றுநோயுள்ள சிறுமி ஒருத்தி டிஸ்னி வேர்ல்டைக் காண ஆசைப்பட்டாள். பயண ஏற்பாடுகள் முடியுமுன் இறந்துபோனாள். ஏற்பாடு தாமதமானதால் ஒரு குழந்தை இனி ஏமாறக் கூடாது என்று, 1986-இல் கடும் நோயுற்ற குழந்தைகளின் குடும்பங்கள் கட்டணமின்றித் தங்கும் சிற்றூர் ஒன்றை அவர் கிஸ்ஸிமி என்னும் இடத்தில் நிறுவினார். அங்கு வரும் குழந்தைகளுக்குப் பூங்காக்கள் இன்றளவும் தனி அனுமதி தருகின்றன. இதில் டிஸ்னியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆயினும், சாகப்போகும் குழந்தைக்குத் திறக்கும் கதவு, நோயோடு வாழப்போகும் குழந்தைக்கு ஏன் திறப்பதில்லை என்ற கேள்வியை அடக்க முடியவில்லை. இரக்கம் சுரக்க மரணம் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரில் கார்டன் ஹார்ட்மன் என்னும் வீடுகட்டும் தொழிலதிபர் செய்தது வேறு. விடுமுறையில் நீச்சல் குளமொன்றில் அவருடைய மகள் மற்றக் குழந்தைகளோடு விளையாட நெருங்கியபோது, அவர்கள் விலகிப்போனார்கள். மனவளர்ச்சிக் குறைபாடுள்ள மகள். தம் தொழிலை விற்ற பணத்தைக் கொண்டு அவளுடைய பெயரிலேயே 2010-இல் மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் என்னும் பூங்காவைத் திறந்தார். அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. சக்கர நாற்காலியோடு ஏறிச் சுற்றும் ராட்டினம், நாற்காலியோடு ஆடும் ஊஞ்சல், சக்கர நாற்காலி தடையின்றி ஏறும் சிறு தொடர்வண்டி. 2017-இல் பக்கத்திலேயே நீர்ப்பூங்கா ஒன்றும் வந்தது; நனைந்தால் பழுதாகும் மின்கல நாற்காலிகளுக்குப் பதிலாக, அழுத்தப்பட்ட காற்றால் ஓடும் நாற்காலிகளை அங்கே தருகிறார்கள். குறைபாடு இல்லாதவர்களும் கட்டணம் செலுத்தி வருகிறார்கள். அது மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கிவைக்கும் பூங்கா ஆகிவிடவில்லை.

பெரிய நிறுவனத்தால் ஆகாத தொழில்நுட்பம் எதுவும் இதில் இல்லை. கைப்பேசியில் நாளுக்கொரு விலை வைத்து விற்கத் தெரிந்தவர்களுக்கு, நோயின் பெயர் கேட்காமல் நேரச்சீட்டு ஒதுக்கத் தெரியாதா? பொய்யைத் தடுக்க வேண்டுமானால் எளிய வழியும் அவர்களிடமே இருந்தது. 1999-இல் தொடங்கிய பழைய முறையில், சவாரியின் வாயிலருகே இயந்திரங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. எவரும் தம் நுழைவுச்சீட்டை அதில் செருகுவார். எந்த நேரத்துக்குள் திரும்பி வரவேண்டும் என்று அச்சிட்ட சிறு தாள் வெளியே வரும். கட்டணம் இல்லை. செருகுபவர் நலமுள்ளவரா, நோயாளியா என்று அந்த இயந்திரம் கேட்டதில்லை.